துடுப்பு இல்லாமல் கிளம்பிய லாரி

கண்காட்சியில் முதல் தடவையாக ஸ்டால் போடப் போகிற பிள்ளைகளுக்கு,

போன வாரம் பாளையங்கோட்டையில் நம் சிறுதொழில் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஆறேழு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். "மேரியக்கா, ஒங்க லிஸ்ட்ட வாட்ஸப்புல அனுப்பிருங்க, அது போதும்" என்றீர்கள். "போதும்" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையல் குறிப்பு கைக்கு வந்தாலே வயிறு நிறைந்துவிடும் என்று நினைக்கிற வயது உங்களுக்கு. அனுப்புகிறேன், அனுப்பாமல் எங்கே போகப் போகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒரு தடவை வாசியுங்கள். வாசிக்காமல் விரலால் தள்ளிக் கீழே போய்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மூன்றாவது வடை தின்றவர்கள்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலியில் பேட்டைத் தொழிற்பேட்டையில் ஓட்டல்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். டைப் அடிக்கத்தான் போனேன். யாருக்கும் கண்காட்சிக்குப் போய் நிற்கப் பிடிக்காததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கடற்கரை ஊர்க்காரி என்பதால் சத்தமாகப் பேசுவேன், அது ஸ்டாலுக்கு உதவும் என்று எங்கள் முதலாளி நினைத்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கடிதத்திலும் அவர் அண்ணாச்சிதான்.

பட்டியலைப் பார்த்தால் நூற்றுப் பதினான்கு வரி இருக்கும். இதை நான் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு வரியும் ஒரு அவமானம். முதல் வரி கத்தரிக்கோல். மதுரையில் நாங்கள் போட்ட முதல் ஸ்டாலில் பேனர் கட்டிய கயிற்றை அறுக்க ஒன்றும் இல்லாமல் பல்லால் கடித்தேன். வலது பக்கப் பல்லில் இன்றைக்கும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மதுரை ஞாபகம் வரும். ஒன்பதாவது வரி, பிளக். எங்கள் கிரைண்டர் பிளக்கின் முள் தடிமன், அங்கிருந்த துளை சின்னது. காலை முழுக்க கிரைண்டர் நிற்க, நான் அதன் பக்கத்தில் நின்று "இது ஓடும், நல்லாவே ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றாவது வரி, அண்ணாச்சியின் வாசிக்கும் கண்ணாடி. ஒரு வருடம் அதை மறந்துவிட்டு வந்து, அவர் கேரளாவிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரிடம் கம்பெனி கார்டு என்று நினைத்து லாட்ஜ்காரர் கொடுத்த டாக்சி கார்டை நீட்டிவிட்டார். அந்த மனிதர் இரண்டு நாள் கழித்து டாக்சிக்காரருக்குப் போன் போட்டு, ஐம்பது லிட்டர் கிரைண்டர் என்ன விலை என்று கேட்டிருக்கிறார்.

இப்படி வருடத்துக்கு நாலு வரி, ஐந்து வரி என்று பட்டியல் வளர்ந்தது. பட்டறையில் என்னைக் கேலி செய்வார்கள். "மூச்சு விடணும்னு ஒரு வரி கெடக்கான்னு பாருங்கலே, இல்லன்னா அக்கா ஸ்டால்ல மூச்சு விடமாட்டாவ." நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் பெருமை. தட்டச்சு செய்து, கம்பெனி பெயர் போட்டு, ஐந்து பக்கமும் ஒரு பச்சைக் கோப்பில் வைத்திருப்பேன். அதில் ஒரே ஒரு விதி. பொருளைக் கையால் தொட்டவர்தான் அந்த வரியில் டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. அடுத்தவர் சொல்லிக் காதால் கேட்டால் நிச்சயம் போதாது. இந்த விதியை எழுதியவள் நான். கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியவளும் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இது. அல்வா கிண்டுகிற மெஷின் ஒன்றை எங்கள் பட்டறையில் செய்திருந்தோம். "செய்திருந்தோம்" என்று நான் சொல்வது மரியாதைக்கு. செய்தவன் இசக்கிமுத்து. பதினெட்டு வயதில் இரும்பு தூக்குகிற வேலைக்கு வந்து, லேத் பழகி, வெல்டிங் பழகி, பட்டறை ஃபோர்மேன் ஆனவன். அதிகம் பேச மாட்டான். நாம் பத்து வார்த்தை பேசினால் "ஆங்" என்பான்.

கோதுமை அல்வா கிண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் கை நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும். நாற்பது வயதுக்குள் தோள்பட்டை போய்விடும். சந்தையில் ஏற்கெனவே கிண்டும் மெஷின்கள் இருந்தன, ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுகிறவை. பால்கோவாவுக்குச் சரி, நம் ஊர் அல்வாவுக்கு ஆகாது என்று மாஸ்டர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இசக்கிமுத்து ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் திருநெல்வேலி டவுணில் ஒரு அல்வாக் கடையின் பின்கட்டில் போய் நின்றான். மாஸ்டர் கை எப்படிப் போகிறது, எங்கே திரும்புகிறது, பாகு இறுகும்போது எந்த இடத்தில் மெதுவாகிறது என்று பார்த்தான். பார்த்தால் போதாது என்று கேட்டு வாங்கிக் கிண்டியும் பழகினான். பிறகுதான் மெஷினின் துடுப்பைச் செய்தான். சட்டிக்குள் நின்று சுற்றுகிற, மூடியைப் போட்டால் வெளியே தெரியாத, இரண்டடி உயர எஃகுத் துடுப்பு. அது இந்தப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றும், அந்தப் பக்கம் அரைச் சுற்றுத் திரும்பும், சட்டியின் அடியை வழித்துக்கொண்டு போகும். அந்தத் துடுப்புதான் மெஷின். மற்றதெல்லாம் மோட்டாரும் சட்டியும்.

அண்ணாச்சிக்கு அந்த மெஷினில் பாதி நம்பிக்கை, பாதி எரிச்சல். இரண்டு வருடம் இழுத்துவிட்டது. சென்னைக் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார்: "ஏலே, இந்தக் கண்காட்சியில ஒரு ஆளாவது இத வேணும்னு சொல்லணும். சொன்னா இதுக்குன்னு தனி செக்ஷன், நீதான் பொறுப்பு. யாரும் சொல்லலன்னா பிரிச்சுப் போட்டுருவேன். பழையபடி நமக்கு கிரைண்டர் போதும், கேட்டியா."

"ஆங்" என்றான் இசக்கிமுத்து. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவனை இரண்டு தடவை கூப்பிட்டதும், இந்த மெஷினை விட்டுப் போக மனமில்லாமல் அவன் மறுத்ததும் எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாது.

சேலத்தில் ஏழெட்டு மிட்டாய்க் கடை வைத்திருக்கிற ஒரு அம்மா, மெஷினைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கண்காட்சியின் முதல் நாள், மதியம் மூன்று மணி. ஆறு மணிக்கு அவருக்கு ரயில். மெஷின் அவர் கண்ணெதிரே அல்வா கிண்ட வேண்டும். எல்லாம் அதற்குத்தான்.

லாரி கிளம்பியது ஒரு புதன்கிழமை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷின் முதல் தடவை வெளியூர் போகிறது என்றால், அதில் உழைக்கிற உறுப்பு எதுவோ அதைக் கழற்றி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆபீஸ் சாமி படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்கள். முதல் கிரைண்டர் காலத்தில் கல்லை வைத்ததிலிருந்து வந்த வழக்கம். கும்பிடும் சாமி எனக்கு வேறு என்றாலும் சுண்டல் எல்லாருக்கும் ஒன்றுதான், நானும் போய் நிற்பேன். அன்றைக்கு இசக்கிமுத்து துடுப்பைக் கழற்றிக்கொண்டு போய் வைத்தான். அண்ணாச்சியே ரோஜா மாலை போட்டார். தீபாராதனை முடிந்தபோது மணி பதினொன்றரை. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் லாரி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார்.

அந்த அரை மணி நேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெட்டி ஏறுகிறது, கயிறு கட்டுகிறார்கள், டிரைவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார், லாரிக்குக் கொடுக்க வேண்டிய ரசீது பிரிண்டரில் மாட்டிக்கொண்டது. "இசக்கி, நீங்க போயி அந்த பிரிண்டரப் பாருங்க" என்றேன்.

அவன் நின்றான். "அக்கா, துடுப்பு..."

"நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க."

அவன் போனான். நான் பட்டியலில் துடுப்பு வரி இருந்த நான்காம் பக்கத்தைப் புரட்டினேன். லாரியில் நின்ற ஆளைப் பார்த்து, "துடுப்பு மாட்டியாச்சா?" என்று கத்தினேன். "நேத்தே மாட்டியாச்சுக்கா" என்று பதில் வந்தது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. முந்தின நாள் மாட்டியிருந்தது உண்மைதான். காலையில் கழற்றியது அவனுக்கு எப்படித் தெரியும், அவன் முந்தின நாளே லாரியோடு வந்து, காலையெல்லாம் லாரியடியிலேயே நின்றவன். எனக்குத் தெரியும். சந்தனம் வைத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான், என் வாயில் அந்தச் சுண்டல் இன்னும் இருந்தது. ஆனால் கை டிக் போட்டுவிட்டது. பக்கத்தில் "ச. மேரி" என்று அழகாகக் கையெழுத்தும் போட்டது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லாரி வாசலைத் தாண்டியது. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சென்னையில் ஸ்டால் அமைத்தோம். அக்கம்பக்கத்தில் தச்சர்கள் பலகை அறுத்து ஒரே தூசி. அல்வாச் சட்டிக்குள் தூசி விழக் கூடாது என்று மூடியில் ஒட்டியிருந்த நாடாவை நாங்கள் பிரிக்கவே இல்லை. மின்சாரமும் அடுத்த நாள் காலைதான் தருவதாகச் சொன்னார்கள். விடுதிச் சமையலறையில் கோதுமைப் பால் எடுத்துத் தெளிய வைத்தோம். பட்டியலைப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கு வரி, நூற்றுப் பதினான்கு டிக். நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இசக்கிமுத்து மூடியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். "என்ன?" என்று நானும் போய் எட்டிப் பார்த்தேன். சட்டி பளபளவென்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்த பிரிண்டர் ஞாபகம் வந்தது.

கம்பெனி வாட்ச்மேன் மாடசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆபீஸைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "இருக்கும்மா, பத்திரமா இருக்கு. சாமி படத்துக்குக் கீழ சாஞ்சு உக்காந்திருக்கு. மாலகூட முழுசா வாடல. நேத்து வெளக்கு போடும்போதுகூட நெனச்சேன், இது என்ன இங்கனயே இருக்கேன்னு. சரி, சாமிக்குன்னு விட்டுட்டாவ போலன்னு இருந்துட்டேன்."

அடுத்த அரை மணி நேரம் நாங்கள் ஓடாத இடம் இல்லை. சென்னைக்கு வருகிற காலை ரயில் அப்போதே மதுரையைத் தாண்டியிருந்தது. தூத்துக்குடி விமானத்தில் ஆள் ஏற்றி அனுப்பலாம் என்றால் மதிய விமானத்தில் இடம் இல்லை, சாயங்கால விமானம் வந்து சேர ஆறரை ஆகும். இங்கேயே ஒன்று செய்யலாமா என்று கேட்டதற்கு இசக்கிமுத்து, "செய்யலாம், நாலு நாள் ஆவும்" என்றான்.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, கண்ணாடி மறக்காமல். சட்டியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"துடுப்பு எங்கலே?"

"ஊர்ல இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "பூசைக்கு வச்சது, திரும்ப மாட்டல."

"யாருலே அத மாட்டாம விட்டது? யாரு டிக் போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அதற்குள் இசக்கிமுத்து, "நான்தான் அண்ணாச்சி. மறந்துட்டேன்" என்றான்.

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன் பிள்ளைகளே, துடுப்பை மறந்த கதையை அல்ல. துடுப்பை யாரும் மறக்கலாம். அண்ணாச்சி அவனை நடு மண்டபத்தில் வைத்து, எதிர் ஸ்டால்காரர்கள் கேட்க, ஏசினார். "ரெண்டு வருசமா இந்த ஒரு கம்பியத்தான செஞ்ச? அதையே வச்சுட்டு வந்தா ஒனக்கு மூள எங்கலே இருக்கு?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இருபத்தாறு வருடம் சத்தமாகப் பேசியதற்காகச் சம்பளம் வாங்கிய நான், பச்சைக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றேன். என் பட்டியல் தப்பு செய்யாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பெயர் போய்விடுமே என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. கோழைத்தனத்துக்குப் பெரிய காரணம் தேவைப்படாது.

ஏசி முடித்ததும் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க இருபது கிலோ அல்வா டவுணிலிருந்து டின்னில் கொண்டு வந்திருந்தோம். "அதச் சட்டியில கொட்டிச் சூடு பண்ணு. இப்பத்தான் மெஷின் கிண்டி முடிச்சுதுன்னு சொல்லிருவோம். துடுப்பக் கழுவப் போட்டுருக்குன்னு சொல்லு" என்றார். அல்வா கொடுப்பது என்று நம் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் உலகமே கேலி செய்கிறது. அதைச் சென்னையில் ஸ்டால் போட்டு, வாடகை கட்டிச் செய்து காட்டப் போனோம்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "அந்தம்மா கூட அவுங்க மாஸ்டரும் வாராரு. அவருக்குத் தெரிஞ்சிரும்."

"மறந்தவன் பேசாத."

"கைல கிண்டுதேன் அண்ணாச்சி. மெஷின் எப்பிடிக் கிண்டுமோ அப்பிடியே கிண்டுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் மட்டும் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். "கிண்டட்டும் அண்ணாச்சி. வாற அம்மாட்ட நான் உள்ளதச் சொல்லிக்கிடுதேன். பொய்யா சொல்லி மாட்டிக்கிட்டா மெஷினும் போச்சு, நம்ம கிரைண்டரையும் நம்பமாட்டாவ" என்றேன். அவர் கையை உதறிவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். போவதற்கு முன்னால், "என்னமும் செய்ங்க" என்றார். எங்கள் கம்பெனியில் அதற்கு அனுமதி என்று அர்த்தம்.

எதிர் ஸ்டால் ஒரு கோயம்புத்தூர்க்காரருடையது. எங்களுக்கு நேர்ப் போட்டி. காலையிலிருந்து எங்கள் கூத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் கேட்காமல் தன் ஸ்டாலில் தொங்கிய நீளக் கைப்பிடிச் சட்டுவம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். "முடிச்சதும் கழுவிக் கொடுத்துடுங்க" என்றார். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. உங்கள் எதிர் ஸ்டால்காரரைப் பகையாளி மாதிரி முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஒன்றரை மணிக்கு இசக்கிமுத்து பாலை ஊற்றினான். மெஷின் சட்டியே மின்சாரத்தில் சூடாகும், அதனால் அடுப்புக்குப் பஞ்சமில்லை. கிண்டத் தொடங்கினான். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. மூன்று மணிக்கு அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டாலைச் சுற்றிக் கூட்டம். நவீன மெஷின்களுக்கு நடுவில் ஒரு ஆள் நின்று கையால் கிண்டினால் கூட்டம் வராமல் என்ன செய்யும்? சிலர் நாங்கள் சட்டுவம் விற்கிறோம் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

சேலத்து அம்மா சரியாக வந்தார். ஒல்லியான, அவசரமான பெண்மணி. கூடவே அறுபது வயது மாஸ்டர் ஒருவர், தோளில் துண்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி. அம்மா சட்டியைப் பார்த்தார், இசக்கிமுத்துவைப் பார்த்தார். "மெஷின்னு சொன்னீங்க, ஆளுதானுங்க கிண்டறாரு?"

"துடுப்பு ஊர்ல மால போட்டுக்கிட்டு சாமி முன்னால உக்காந்திருக்கு" என்றேன். "பூசைக்கு வச்சத எடுத்து மாட்டாம வந்துட்டோம். நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு ஒங்களுக்குக் காட்ட எங்ககிட்ட மெஷின் இல்ல, அதச் செஞ்ச ஆளு மட்டும் இருக்காரு."

அம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகத் திரும்பினவரை நிறுத்தியது அந்த மாஸ்டர்தான். "இருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று இசக்கிமுத்துவின் கையையே பார்த்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பாகு இறுகத் தொடங்கியது. இசக்கிமுத்து வேகத்தைக் குறைத்து, ஓரத்தை வழித்து நடுவுக்குத் தள்ளினான்.

"இந்த எடத்துல ஏன் மெதுவாப் போறே தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இப்ப வேகமாப் போனா நெய் பிரியும், ஒட்டாது. மெஷினும் இந்த எடத்துல மெதுவாத்தான் போவும். பாகு இறுகுனா அதுக்குத் தெரியும்."

"மெஷினுக்கு எப்படிப்பா தெரியும்?"

இசக்கிமுத்து என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே நீளமான பேச்சை அப்போதுதான் பேசினான். கை நிற்காமல் பேசினான். துடுப்புக்கு எதிர்ப்பு கூடினால் மோட்டார் தானாக வேகம் குறைக்கும்படி வைத்திருப்பதை, அடியில் ஒரு நூல் அளவு இடைவெளிகூட இல்லாமல் வழிக்கும்படி நுனியை அமைத்ததை, டவுண் மாஸ்டர் ஒருவர் தோள் வலியால் இடக்கையால் கிண்டியபோது அந்த அரைச் சுற்று பிடிபட்டதை எல்லாம் சொன்னான். மாஸ்டர் சட்டுவத்தை வாங்கி அவரும் கொஞ்சம் கிண்டினார். இரண்டு சுற்று, அரைச் சுற்று. அதே கை. பத்து சுற்றில் தோளைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, இந்தத் தம்பி கையில கிண்டத் தெரிஞ்சவன். தெரிஞ்சவன் செஞ்சதுன்னா அடிப்பிடிக்காது" என்றார்.

நாலரை மணிக்கு அல்வா இறங்கியது. நெய் விட்டுக்கொண்டு, வாழையிலையில் வழுக்கியது. அம்மா ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டார். மெஷினைத் துடுப்போடு சேலத்துக்கு அனுப்புங்கள், ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன், சரியாக வந்தால் எல்லாக் கடைக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி, எங்கள் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். இசக்கிமுத்துவைப் பார்த்து, "நீங்களே கூட வந்துடுங்க, சாமிகிட்ட விட்டுட்டு வந்துடாதீங்க" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் ஸ்டால்காரர் வரைக்கும் அல்வா கொடுத்து அனுப்பினார். ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்து, சட்டுவத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி சந்தோஷமாகத்தான் பேசினார்.

"மெஷின் செயிச்சிட்டு. செக்ஷன் ஆரம்பிச்சிருவோம். ஆனா ஏலே இசக்கி, பொறுப்ப ஒன்ட்ட தரமுடியாது, கோவிச்சுக்காத. நீ நல்ல வேலக்காரன். ஆனா உயிரான சாமானையே மறந்துட்டு வாறவன்ட்ட ஒரு செக்ஷன எப்பிடிக் குடுப்பேன்? என் மச்சினன் பாக்கட்டும். நீ கூட இரு."

"ஆங்" என்றான் இசக்கிமுத்து.

அந்த "ஆங்" என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. எழுந்து நின்றேன். "அண்ணாச்சி, மறந்தது அவரில்ல. நான். பிரிண்டரப் பாருங்கன்னு அவர அனுப்பிவிட்டது நான். துடுப்ப நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னது நான். பாக்காம டிக் போட்டதும் நான்தான்" என்றேன்.

அண்ணாச்சி நம்பவில்லை. "ஏம்மா, நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத. ஒன் லிஸ்ட்ல தப்பு வருமா?"

"இங்கன பாருங்க, என் கையெழுத்து" என்று பச்சைக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கம், இரண்டு, மூன்று, ஐந்து. நான்காம் பக்கம் இல்லை. மேசைக்கு அடியில் தேடினேன், பைக்குள் தேடினேன். பிறகு நிமிர்ந்து இசக்கிமுத்துவைப் பார்த்தேன். அவன் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த சட்டியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான். வியர்வையில் நனைந்த அவன் சட்டைப் பைக்குள் மடித்த தாள் ஒன்று ஈரத்தோடு தெரிந்தது.

"அத எடுங்க" என்றேன்.

"விடுங்கக்கா."

"எடுங்க இசக்கி."

எடுத்தான். மை கலைந்திருந்தாலும் "ச. மேரி" நன்றாகவே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுக்கு இப்பிடிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"காலைல அண்ணாச்சி ஒங்கள ஏசியிருந்தா நீங்க கலங்கிப் போயிருப்பிய. அப்புறம் வாற அம்மாட்ட யாரு பேசுவா? எனக்குக் கிண்டத்தான்க்கா தெரியும்" என்றான்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வாசித்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "ஏலே, ஊருக்குப் போனதும் செக்ஷன் சாவிய என்ட்ட வந்து வாங்கிக்க" என்று இசக்கிமுத்துவிடம் சொன்னார். அவன் வழக்கமான பதிலைச் சொன்னான்.

பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊருக்கும் உங்கள் மெஷினுக்கும் தகுந்தபடி கூட்டுங்கள், குறையுங்கள். கத்தரிக்கோலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். டிக் போடுகிற கட்டத்தில் வெறும் முதலெழுத்து வேண்டாம், முழுப் பெயரை எழுதுங்கள். ஏதாவது ஒரு வரி தப்பிப் போனால், வேறு யாரும் தேடிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெயரை நீங்களே சத்தமாக வாசித்துச் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். எனக்கு அதற்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது.